எண்ணுகிற கையும் பிடிக்கிற கையும்

(பட்டிமன்றத் தலைப்பு: இயற்கை வளத்தைக் காக்க வல்லது அரசுச் சட்டமா, சமுதாயக் கட்டுப்பாடா? ‘சமுதாயக் கட்டுப்பாடே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

 

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “மனுசன் கையில வலையைக் கொடுத்துட்டு, நீயா பார்த்துப் பிடிச்சுக்கப்பான்னு விட்டா, ஏரியில குஞ்சு குளுவானாவது மிஞ்சுமா? லத்தி இருக்கிற இடத்திலதான் மீன் இருக்கும்” என்றார். நல்லா கைதட்டல் வாங்கினார். நானும் ரெண்டு தட்டுத் தட்டினேன், பேச்சு அழகா இருந்ததுக்காக. (சிரிப்பு) ஆனால் பேச்சு அழகாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. அவர் எடுத்த மீனையே நானும் எடுத்துக்கொள்கிறேன். ஏரியையும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஏரி, ரெண்டு ஏரி இல்லீங்க. ஏரிக்கே பேர் போன ஒரு ஊருக்கு உங்களை அழைச்சிட்டுப் போறேன்.

அமெரிக்காவின் வடக்குக் கோடியில், கனடா எல்லையை ஒட்டி, மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். அந்த ஊர்க் கார்களின் நம்பர் பலகையில் ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்றே எழுதியிருக்கும். அது பொய்யின்னு நினைக்காதீங்க. பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 தேறும். நம்மாளுங்க பத்து இருந்தா நூறுன்னு போர்டு வைப்போம். அவங்க பன்னிரண்டாயிரத்தைக் கையில வச்சிக்கிட்டு, போனாப் போகுதுன்னு பத்தாயிரம்னு போட்டிருக்காங்க! (சிரிப்பு) பக்கத்து மாநிலமான விஸ்கான்சினிலும் ஆயிரக்கணக்கில் ஏரிகள். பனியுகம் முடிந்து பெரும் பனிப்பாளங்கள் பின்வாங்கியபோது குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள் அவை. குளிர்காலத்தில் அந்த ஏரிகள் பாறையாக உறைந்துவிடும். மேலே காரே ஓட்டிக்கொண்டு போவார்கள். பனியில் ஓட்டை போட்டு, சின்னக் குடிசை வைத்து, உள்ளே உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள்.

அந்த ஏரிகளில் ஒரு மீன். வெள்ளைக்காரர்கள் அதை வால்ஐ என்பார்கள். அதன் கண்ணில் இருட்டில் வெளிச்சம் பட்டால் பூனைக்கண் மாதிரிப் பளீரென்று மின்னும். 1965-இல் மின்னசோட்டாவின் மாநில மீன் என்று அதற்குப் பட்டமே கட்டினார்கள். மே மாதம் அந்த மீனைப் பிடிக்கும் பருவம் தொடங்கும் நாளில் மாநில கவர்னரே தூண்டிலோடு ஏரிக்குப் போகிற வழக்கம் 1948-இல் ஆரம்பித்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் அதற்கு வைத்த பெயர் ‘ஒகா’. நமக்கு வாயில் நுழைய ஒகாதான் வசதி. அதையே வச்சுக்குவோம்.

இந்த ஒகாவைப் பிடிக்க எத்தனை சட்டம் தெரியுங்களா? லைசென்ஸ் வேணும். முட்டையிடும் காலத்தில் தொடக்கூடாது. ஒரு ஆளுக்கு இத்தனைதான் என்று கணக்கு. பல ஏரிகளில் இந்த அளவிலிருந்து இந்த அளவு வரை நீளமுள்ள மீன் மாட்டினால், முட்டையிடும் தாய் மீனாக இருக்கும் என்று திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தூண்டிலோடு ஸ்கேலும் கொண்டு போகணும். எதிரணி நண்பர் முகத்தில் இப்பவே ஒரு வெளிச்சம். “பார்த்தியா, சட்டம் இருக்கு, மீன் இருக்கு” என்கிறார். அவசரப்படாதீங்க ஐயா. சட்டம் வருவதற்கு முன்னாலும் அங்கே மீன் இருந்தது. மனிதர்களும் இருந்தார்கள். அவர்களிடமிருந்து கதையைத் தொடங்க வேண்டும்.

நம்ம பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் ‘செவ்விந்தியர்’ என்று படித்தோமே, அவர்களில் ஓர் இனம் ஒஜிப்வே மக்கள். அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் அனிஷினாபே. வசந்த காலத்தில் பனி உருகியதும் ஒகா மீன் கரையோரக் கல்லாங்கரட்டுக்கு முட்டையிட வரும். இரவில் தோணியில் தீப்பந்தம் கட்டிக்கொண்டு போவார்கள். பந்தம் பட்டதும் மீன் கண் மின்னும். ஈட்டியால் குத்தி எடுப்பார்கள். அந்தக் காலத்தில் வந்த பிரெஞ்சு வணிகர்கள் இந்தக் காட்சியைப் பார்த்து ஒரு ஏரிக்கு லாக் டு ஃப்ளாம்போ, ‘பந்தத்து ஏரி’, என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விஸ்கான்சினில் அந்த ஊர் இன்றைக்கும் அதே பெயரில் இருக்கிறது.

“முட்டையிட வந்த மீனையா குத்துறது? அநியாயம்!” என்று தோன்றும். பொறுங்க. அந்த மக்கள் உயிர் பிழைக்கிற அளவுக்கு எடுத்தார்கள். ஆறு மாதப் பனியில் வயிறு ஒட்டிப் போன குடும்பத்துக்கு முதல் சாப்பாடு அந்த மீன். அடுத்த வசந்தத்திலும் அதே கரைக்கு மீன் வரணுமே என்ற கவலை எந்த அதிகாரியையும் விட அவர்களுக்குத்தான் அதிகம். ஏரியில் தானாக விளையும் ஒருவகை நெல்லும் அவர்களுக்கு உண்டு. மனோமின் என்பார்கள். கதிர் முற்றியதா என்று பார்த்து, ‘இன்றைக்கு இறங்கலாம்’ என்று சொல்ல அதற்கென்று மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்லாமல் யாரும் ஏரியில் கை வைக்க மாட்டார்கள். நம்ம மதுரை, சிவகங்கைப் பக்கம் மீன்பிடித் திருவிழாவில் ஊர்ப் பெரியவர் துண்டை வீசும் வரை அத்தனை கூட்டமும் கண்மாய்க் கரையில் நிற்குமே, அந்த மாதிரி. துண்டுக்குப் பின்னால் துப்பாக்கியா இருக்கு? ஊரு இருக்கு. (கைதட்டல்)

இப்போது வருகிறது 1837. அமெரிக்க அரசுக்கு அந்தக் காட்டின் பைன் மரங்கள் வேண்டியிருந்தன. ஜூலை மாதம் ஒஜிப்வே தலைவர்களை அழைத்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பெரும் நிலப்பரப்பு கைமாறியது. தலைவர்கள் ஒன்றை மட்டும் விடவில்லை. நிலம் உனக்கு, ஆனால் அந்த நிலத்திலும் ஆற்றிலும் ஏரியிலும் வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், மனோமின் அறுக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு என்று எழுதி வாங்கினார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு சின்ன வாலையும் ஒட்டினார்கள்: குடியரசுத் தலைவர் விரும்பும் காலம் வரை. இந்த வாலை ஞாபகம் வச்சுக்குங்க. பின்னால் உதவும்.

பதின்மூன்றே வருசம். 1850 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் டெய்லர் ஓர் ஆணை போட்டார். மீன் உரிமை ரத்து, ஊரைக் காலி பண்ணு என்றார். விஸ்கான்சின் பக்கத்து ஒஜிப்வே மக்களை மேற்கே நகர்த்த ஒரு தந்திரம் செய்தார்கள். நிலத்துக்காக ஆண்டுதோறும் தரவேண்டிய பணத்தையும் பொருளையும் வழக்கமாகச் சுப்பீரியர் ஏரியிலுள்ள லா பாயிண்ட் என்ற இடத்தில் தருவார்கள். அந்த வருசம் மின்னசோட்டாவில் சாண்டி ஏரிக்கு வந்து வாங்கிக்கொள் என்றார்கள். அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். கொடுக்க வேண்டியவர் நவம்பர் கடைசியில்தான் வந்தார். வந்ததும் முழுசாகக் கொடுக்கவில்லை. அதற்குள் கெட்டுப்போன உணவு, வயிற்றுக்கடுப்பு, அம்மை, குளிர். அங்கேயும், பனியில் திரும்பி நடந்த வழியிலும் சுமார் 400 பேர் செத்துப் போனார்கள்.

எதிரணி நண்பர்களே, உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறேன். அந்த ஆணையும் சட்டம்தானே? முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. அந்தச் சட்டம் எந்த ஏரியைக் காப்பாற்றியது? எந்த மீனைக் காப்பாற்றியது? (கைதட்டல்)

அப்போது லா பாயிண்டில் கெச்சேவைஷ்கே என்று ஒரு தலைவர். வெள்ளையர்கள் அவரை பஃபலோ என்பார்கள். வயது ஏறக்குறைய 93. நம்ம வீட்டில் அந்த வயசுப் பெரியவரைத் திண்ணையை விட்டு இறங்க விடுவோமா? அவர் 1852-இல் தோணி ஏறினார். படகிலும் கப்பலிலும் ரயிலிலுமாக வாஷிங்டன் போனார். போகிற வழியில் ஒரு மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டே போனார். யாரிடம்? அக்கம்பக்கத்து வெள்ளைக்கார வணிகர்களிடமும் குடியேறியவர்களிடமும். “இவங்க இங்கேயே இருக்கட்டும்” என்று அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். குடியரசுத் தலைவர் ஃபில்மோர் அவரைச் சந்தித்தார். வெளியேற்றும் ஆணை கைவிடப்பட்டது. 1854-இல் புதிய ஒப்பந்தம் வந்தது. சொந்த மண்ணிலேயே அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். ஆணை போட்டது அரசு. அதை மாற்றியது ஒரு கிழவரும் அக்கம்பக்கத்தாரும்.

அத்தோடு சுபம் போட்டிருக்கலாம். விதி விடவில்லை. காட்டை வெட்டி முடித்தார்கள். அப்புறம் ஏரிக்கரையில் விடுதிகள் வந்தன. ஊரிலிருந்து பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடப் பணக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஏற்ற மாதிரி மீன்பிடி விதிகள் வந்தன. தூண்டிலுக்கு அனுமதி, ஈட்டிக்கும் வலைக்கும் தடை. பொழுதுபோக்குக்குப் பிடிப்பவன் விளையாட்டு வீரன், பசிக்குப் பிடிப்பவன் திருடன்! 1908-இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. சுப்பீரியர் ஏரியில் வலை போட்டதற்காக ஒரு ஒஜிப்வே மனிதர் தண்டிக்கப்பட்டிருந்தார். விஸ்கான்சின் 1848-இல் மாநிலமான அன்றே பழைய ஒப்பந்த உரிமையெல்லாம் போய்விட்டது என்று தீர்ப்பானது. தாத்தா காலத்திலிருந்து பிடித்த மீனை இருட்டில் ஒளித்து எடுத்துக்கொண்டு ஓடும் நிலைமை வந்தது.

இப்படி 66 வருசம் போச்சு. 1974-இல் இரண்டு சகோதரர்கள். லாக் கோர்ட் ஒரேய் என்ற ஒஜிப்வே ஊர்க்காரர்கள். உறைந்த ஏரியில், ஒதுக்கப்பட்ட நிலத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய், பனியில் ஓட்டை போட்டு ஈட்டியால் மீன் குத்தினார்கள். அதிகாரிகள் பிடித்தார்கள். வழக்கு வளர்ந்தது. கீழே தோற்றார்கள். 1983 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: ஒப்பந்த உரிமை சாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறது. 

எதிரணி நண்பர் துள்ளுகிறார். “நீதிமன்றம்னா சட்டம்தானே? எங்க பக்கம் பாயிண்ட்!” என்கிறார். பாயிண்ட்டை எடுத்துக்குங்க ஐயா, வேண்டாம்னு சொல்லலை. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் கேளுங்க. தீர்ப்பு வந்தால் போதுமா? ஊர் ஏத்துக்கணுமே!

1980-களின் பிற்பாதியில் விஸ்கான்சின் படகுத்துறைகளில் வசந்த கால இரவுகள் போர்க்களமாக இருந்தன. ஒஜிப்வே குடும்பங்கள் தோணியை இறக்கும்போது கரையில் நூற்றுக்கணக்கான பேர் நின்று கூச்சல் போட்டார்கள். கல் எறிந்தார்கள். மீனைக் காப்பாற்ற இந்தியனைக் குத்து என்று அட்டை பிடித்தார்கள். போலீஸ் வரிசை கட்டி நின்றது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சில வெள்ளைக்காரர்களும் வந்து நின்றார்கள். கல் எறிய இல்லை. கை கட்டிக்கொண்டு, நடப்பதற்கெல்லாம் சாட்சியாக. நாளைக்கு நாலு பேர் கேட்டால் உண்மையைச் சொல்ல ஆள் வேணுமே என்று நின்றார்கள். 1991-இல் நீதிமன்றம் கலவரக்காரர்களுக்குத் தடை போட்டது என்பதும் உண்மை. ஆனால் கூச்சலை அடக்கியதில் பெரிய பங்கு வேறொன்றுக்கு. அது என்ன? எண்ணிக்கை!

ஒஜிப்வே ஊர்கள் 1984-இல் ஒன்று சேர்ந்து தங்களுக்கென்று ஒரு மீன், வனவிலங்கு ஆணையம் வைத்துக்கொண்டன. சொந்த உயிரியல் நிபுணர்கள், சொந்தக் காவலர்கள். ஒவ்வொரு இரவும் இந்த ஏரிக்கு இத்தனை மீன் என்று அனுமதிச் சீட்டு. கரையில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். தோணி திரும்பியதும் ஒவ்வொரு மீனையும் எண்ணுவார். நீளம் அளப்பார். ஆணா பெண்ணா என்று எழுதுவார். அன்றைய கணக்கைக் கழித்துத்தான் மறுநாள் அனுமதி. அளவு முடிந்தால் அந்த ஏரி மூடிவிடும். ஒரு ஏரியில் வளர்ந்த ஒகாக்களில் 35 சதவீதத்துக்கு மேல் எல்லாருமாகச் சேர்ந்து எடுத்துவிடக் கூடாது. அந்த வரம்பைத் தாண்டும் வாய்ப்பு நாற்பதில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படிக் கணக்குப் போட்டார்கள். யோசிச்சுப் பாருங்க. கரையில் நின்று கல் எறிந்தவன் அந்த வருசம் எத்தனை மீன் பிடித்தான் என்று யாருக்காவது தெரியுமா? ஈட்டிக்காரனின் மீன் ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருந்தது.

1991-இல் மத்திய அரசு, மாநிலம், ஒஜிப்வே ஊர்கள் மூவரும் சேர்ந்து ஏரிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மீன் வளம் நன்றாக இருக்கிறது, ஈட்டியால் அது அழியவில்லை என்று சொன்னது அந்த அறிக்கை. அதே வருசம் வழக்கின் இறுதித் தீர்ப்பும் வந்தது. பறிகொடுத்த காலத்துக்கு நட்டஈடு கிடையாது என்று நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஒஜிப்வே மக்கள் நினைத்திருந்தால் மேல்முறையீடு செய்து இன்னும் பத்து வருசம் இழுத்திருக்கலாம். செய்யவில்லை. மாநிலமும் செய்யவில்லை. போதும், இனி ஏரியைப் பார்ப்போம் என்று இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டார்கள். வழக்கை ஆரம்பிக்கச் சட்டம் தெரிந்தால் போதும். நிறுத்தத்தான் மனசு வேணும். (கைதட்டல்)

இந்தப் பக்கம் மின்னசோட்டாவில் மில் லாக்ஸ் என்று ஒரு பெரிய ஏரி. சுமார் 1,32,000 ஏக்கர். ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியாது. அங்கிருந்த ஒஜிப்வே மக்கள் 1990-இல் வழக்குப் போட்டார்கள். மாநில அதிகாரிகளும் அவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு சமரசம் எழுதினார்கள். 1993-இல் மாநிலச் சட்டமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999 மார்ச்சில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒஜிப்வே மக்கள் வென்றார்கள். ‘குடியரசுத் தலைவர் விரும்பும் காலம் வரை’ என்ற வாலைப் பிடித்துத்தானே டெய்லர் 1850-இல் ஆணை போட்டார்? அந்த ஆணையே செல்லாது என்றது நீதிமன்றம். 1837-இல் கொடுத்த வாக்கு 162 வருசம் கழித்து நிறைவேறியது.

இனி என் அணிக்கே இடிக்கிற ஒரு கதையைச் சொல்கிறேன். மறைச்சுப் பேசினா பட்டிமன்றம் எதுக்கு? மின்னசோட்டாவின் வடக்கே ரெட் லேக். மாநிலத்துக்குள் அடங்கிய ஏரிகளில் மிகப் பெரியது. மேல் ஏரி, கீழ் ஏரி என்று இரட்டை ஏரி. ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு ரெட் லேக் ஒஜிப்வே மக்களுடையது. மீதி மட்டும் மாநிலத்துடையது. 1889-இல் ஒஜிப்வே நிலத்தையெல்லாம் தனித்தனிப் பட்டாவாகப் பிரி என்று சட்டம் வந்தபோது, மற்ற ஊர்கள் பிரிந்தன. ரெட் லேக் மக்கள் மட்டும் மாட்டேன் என்றார்கள். அங்கே இன்றைக்கும் நிலம் பொது. ஏரியும் பொது.

முதல் உலகப்போர். நாட்டில் உணவுப் பற்றாக்குறை. 1917-இல் மாநில அரசு அந்த ஏரியில் வலை போட்டு வணிகம் ஆரம்பித்தது. 1929-இல் அது ரெட் லேக் மீனவர் சங்கத்தின் கைக்கு வந்தது. எவ்வளவு பிடிக்கலாம் என்று மத்திய அரசு அளவு வைத்தது. பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. ஆனால் அளவுக்கு மேலும் போனது. கள்ளத்தனமாக மீன் விற்றவர்கள் ஊருக்குள்ளும் இருந்தார்கள். வாங்குகிறவர்கள் வெளியில் இருந்தார்கள். மாநிலப் பகுதியில் தூண்டில்காரர்களும் சளைக்கவில்லை. 1990-களின் நடுவில் ஏரி காலியாகிவிட்டது. ஒகா அநேகமாக இல்லை.

சமுதாயத்தின் கையில்தானே ஏரி இருந்தது, ஏன் அழிஞ்சது? கேளுங்க, நியாயமான கேள்வி. ஆனால் நான் திருப்பிக் கேட்கிறேன். மத்திய அரசு போட்ட அளவு காகிதத்தில் இருந்ததே, அது ஏன் காக்கவில்லை? ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். மீனுக்கு எல்லைக்கோடு தெரியுமா? வாஷிங்டனில் எழுதிய எண்ணுக்கும் வலையில் விழுந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. பிடிக்கிற கை ஒன்று, எண்ணுகிற கை இன்னொன்று. பிடிக்கிறவனுக்கு, எண்ணிக்கை யாரோ எவனோ போட்டது. எண்ணுகிறவனுக்கு, மீன் யார் வீட்டுச் சோறோ. அந்த ரெண்டு கையும் தனித்தனியா இருந்தவரைக்கும் ஏரி வற்றத்தான் செய்தது.

1997. இந்த வருசத்தைக் குறிச்சுக்குங்க நடுவர் அவர்களே. ரெட் லேக் மீனவர் சங்கத்தார் கூடினார்கள். வலை போட்டுப் பிழைக்கிறவர்களே வாக்களித்தார்கள். வலையை நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. எந்த அதிகாரியும் லத்தியோடு நிற்கவில்லை. அடுத்து, வீட்டுச் சாப்பாட்டுக்குத் தூண்டில் போடுவதைக்கூட நிறுத்தினார்கள். தன் வயித்திலே தானே ஈரத்துணி போட்டுக்கிட்டாங்க. வேலை இல்லாத, வறுமை நிறைந்த ஊர் அது. அந்த ஊர்தான் முதலில் நிறுத்தியது. 

அவர்கள் நிறுத்திய பிறகுதான் மற்றவர்களும் வந்தார்கள். 1999-இல் ரெட் லேக் மக்களும், மாநிலமும், மத்திய அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து உடன்படிக்கை செய்தார்கள். மாநிலமும் தன் பகுதியை மூடியது. 1999, 2001, 2003 என்று மூன்று முறை, மொத்தம் பத்துக் கோடிக்கும் மேல் மீன்குஞ்சுகளை விட்டார்கள். விட்ட குஞ்சு எது, ஏரியில் தானாகப் பிறந்தது எது என்று பின்னால் தெரிய வேண்டும் அல்லவா? குஞ்சுகளை ஒரு மருந்துக் கரைசலில் நனைத்து விட்டார்கள். அந்த மருந்து எலும்பில் ஓர் அடையாளம் வைத்துவிடும். பிற்பாடு மீனைப் பிடித்து, புற ஊதா ஒளியில் பார்த்தால் மஞ்சளாக ஒளிரும். கொஞ்ச வருசத்தில் அடையாளம் இல்லாத மீன்கள் பெருகின. ஏரி தானே பிள்ளை பெற ஆரம்பித்துவிட்டது!

2006 மே மாதம் ஏரியைத் திறந்தார்கள். ஒன்பது வருசம் ஒரு ஊரே தன் ஏரியைத் தொடாமல் இருந்திருக்கிறது. திறந்ததும் கூட்டம் பாய்ந்து அள்ளியதா? இல்லை. மாநிலப் பகுதியில் ஆளுக்கு இரண்டே மீன். ரெட் லேக் பக்கத்தில் பழையபடி வலையை விரிக்கவில்லை. தூண்டிலில் ஆரம்பித்தார்கள். ஆண்டுதோறும் இரண்டு பக்கத்து நிபுணர்களும் சேர்ந்து சோதனை வலை போட்டு எண்ணுகிறார்கள். எண்ணிய பிறகுதான் அந்த வருச அளவு. இப்போது எண்ணுகிற கையும் பிடிக்கிற கையும் ஒன்றாகிவிட்டது.

எதிரணியில் அடுத்துப் பேசப்போகும் அம்மையார் மில் லாக்ஸ் பற்றி ஏதோ குறிப்பெடுப்பதைப் பார்க்கிறேன். அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், 1999 தீர்ப்புக்குப் பிறகு மில் லாக்ஸில் ஒகா குறைந்தது. 2015-இல் பருவம் முடியும் முன்பே மாநிலம் ஏரியை மூட வேண்டியிருந்தது. “வலையை அனுமதித்ததுதான் காரணம்” என்று அங்கேயும் பலர் சண்டைக்கு வந்தார்கள். ஆய்வாளர்கள் கண்டது வேறு. அங்கே குஞ்சு பொரித்தது. பொரித்த குஞ்சுகளில் பல இரண்டாவது வயதைத் தாண்டவில்லை. வெளிநாட்டுக் கப்பல்களோடு பேரேரிகளுக்குள் வந்து சேர்ந்த வரிச்சிப்பி 2005-இல் அந்த ஏரியிலும் காணப்பட்டது. முள் நீர்த்தெள்ளு என்ற சிற்றுயிர் 2009-இல் வந்தது. சிப்பி தண்ணீரை வடிகட்டிக் கண்ணாடி ஆக்கிவிட்டது. ஒகா மங்கலான நீரில் வாழப் பழகிய மீன். தெள்ளோ, குஞ்சு மீனின் தீனியைப் பங்கு போட வந்துவிட்டது. இந்தச் சிப்பிக்கு எந்த இனத்தவர் பொறுப்பு? எந்த ஈட்டி பொறுப்பு? படகின் அடியைக் கழுவாமல் ஏரிக்கு ஏரி இழுத்துக்கொண்டு போன கை யாருடையதாகவும் இருக்கலாம். அதற்கும் சட்டம் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டாயிரம் ஏரிக்குப் பன்னிரண்டாயிரம் போலீஸ்காரர் நிறுத்த முடியுமா? படகை எடுக்கிறவனே பார்த்துக் கழுவினாத்தான் உண்டு.

நடுவர் அவர்களே! சட்டத்தைத் தூக்கி ஏரியில் போடு என்று நான் சொல்லவில்லை. போட்டா அதையும் மீன் தின்னாது. (சிரிப்பு) சட்டம் வேண்டும். வாக்குக் கொடுத்தவன் மறந்துவிட்டால் ஞாபகப்படுத்த வேண்டும். 1983-இலும் 1999-இலும் அது செய்தது அதைத்தான். அதற்காகச் சட்டத்துக்கு ஒரு கும்பிடு. ஆனால் 1850-இல் 400 உயிரைப் பனியில் தள்ளியதும் அரசாணைதான். 1908-இல் சோத்துக்கு மீன் பிடித்தவனைக் குற்றவாளி ஆக்கியதும் சட்டம்தான். ரெட் லேக் காலியானபோது கையைக் கட்டிக்கொண்டு காகிதத்தில் உட்கார்ந்திருந்ததும் சட்டம்தான். சட்டம் நல்லவன் கையில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது. அது ஒரு கத்தி. காய் நறுக்குவதும் கழுத்தை அறுப்பதும் கத்தியின் குணமா, பிடித்த கையின் குணமா?

மீன் எத்தனை என்பது ரெண்டாவது கேள்வி. அதை யார் எண்ணுகிறார்கள் என்பதே முதல் கேள்வி. எண்ணிக்கை எங்கோ இருந்து வந்தால் அதை ஏமாற்றத் தோன்றும். தானே எண்ணியதைத் தானே ஏமாற்றுவது கஷ்டம். படகுத்துறையில் இரவு முழுக்கக் குளிரில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாக எண்ணினார்களே, அந்த எண்ணிக்கை வாயடைத்த அளவுக்குத் தீர்ப்பும் தடையாணையும் வாயடைக்கவில்லை. 1997-இல் ரெட் லேக்கில் வலையைச் சுருட்டியது எந்தச் சட்டப்பிரிவு? எந்தப் பிரிவும் இல்லை. என் பேரனுக்கும் இந்த ஏரியில் மீன் இருக்கணும் என்று நினைத்த மனிதர்கள் சுருட்டினார்கள். அவர்கள் சுருட்டியதால்தான் அரசு பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது. முன்னால் நடந்தது சமுதாயம், பின்னால் வந்தது சட்டம்.

ஆகவே, இயற்கை வளத்தைக் காக்க வல்லது சமுதாயக் கட்டுப்பாடே, சட்டம் அதற்குத் துணைக்கு வருகிற தோழன்தான் என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)